பத்திரிகையாளர்களை வீட்டுக்கு அழைக்கும் முன்

கேள்வி: செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்கு அருகே, எங்கள் அப்பத்தா காலத்து வீட்டைச் செப்பனிட்டு ஆறு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறோம். தொடங்கி ஓராண்டாகியும் வார இறுதி தவிர மற்ற நாள்களில் அறைகள் காலியாகவே கிடக்கின்றன. சென்னையிலிருந்து இருபத்தைந்து பத்திரிகையாளர்களையும் யூடியூப் பதிவர்களையும் பேருந்தில் வரவழைத்து, ஒரே நாளில் விழா எடுத்து, பரிசுப் பையும் கொடுத்து அனுப்பலாம் என்கிறார் என் கணவர். செலவுக்கேற்ற பலன் கிடைக்குமா?
– வாசகி ஒருவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அந்த விழா வேண்டாம், சகோதரி. நிருபராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட பேருந்துப் பயணம் ஒன்றில் நானும் சென்றிருக்கிறேன். இரண்டு மணி நேரம் வரவேற்புரையும் பொன்னாடையுமாகக் கழிந்தது, அதன்பின் விருந்து, இருட்டும் நேரத்தில் திரும்பிவிட்டோம். வந்திருந்த அனைவரிடமும் இருந்தது ஒரே படம், ஒரே செய்தி என்பதால், எங்கள் ஆசிரியர் அதை மூன்று வரியாகச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டார்.

அதே செலவில், மாதத்துக்கு ஒருவர் அல்லது இருவரை, கூட்டமில்லாத வார நாள்களில், இரண்டு இரவுகள் தங்கும்படி அழையுங்கள். அழைக்கும் முன் அவர்கள் இதுவரை எழுதியவற்றைப் படித்துவிடுங்கள். கட்டடக்கலை எழுதுபவருக்குக் காட்ட வேண்டியது வேறு, சமையல் எழுதுபவருக்குக் காட்ட வேண்டியது வேறு. முன்னவருக்கு, வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், காலை வெயில் இறங்கும் நேரமும், ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, கையாலேயே ஓடு வார்க்கும் பட்டறையும் போதும். பின்னவரை அடுப்படியில் உட்காரவைத்து, கந்தரப்பம், கும்மாயம் போன்ற செட்டிநாட்டு இனிப்புகள் எப்படி உருவாகின்றன என்று பார்க்கவிடுங்கள். தைப் பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நடக்கும் செவ்வாய்ப் பொங்கலின்போது நாட்டரசன்கோட்டைக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் அவரே ஒரு கட்டுரையைக் கண்டடைவார். உங்கள் வீடு அக்கட்டுரையில் ஒரு பத்தியாக வந்தாலும், ஊரைத் தேடி வருபவர் தங்குவதற்கு உங்களைத்தான் விசாரிப்பார்.

பணத்தைப் பொறுத்தவரை, தங்குமிடமும் உணவும் உங்கள் விருந்தோம்பலாக இருக்கலாம். அதற்கு மேல் கவரோ பட்டுப்புடவையோ வேண்டாம். எழுதுபவரின் நிலைப்பாட்டைப் பாதிக்கக்கூடிய பரிசுகளை ஏற்கக்கூடாது என்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகளிலேயே உள்ளது; ஆகையால் நல்ல நிருபர் அதைக் கண்டதும் சங்கடப்படுவார். கட்டுரையை வெளியிடும் முன் காட்டுங்கள் என்றும் கேட்காதீர்கள். சமூக ஊடகப் பதிவர்களிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022-இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகளின்படி, பொருள் அல்லது சேவையைப் பரிந்துரைப்பவர் விற்பவரோடு தமக்குள்ள தொடர்பைச் சொல்லியாக வேண்டும், இலவசத் தங்கலும் அதில் அடங்கும். பதிவில் அது தெளிவாக இருந்தால் பார்ப்பவருக்கும் உங்கள்மேல் நம்பிக்கை குறையாது.

அடுத்து, வருபவர் கையில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அறை எண்ணிக்கை, வாடகை, மதுரை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து தூரம், பல்லவன் ரயிலில் காரைக்குடி வரை வந்தால் உங்கள் ஊருக்கு எப்படிச் சேருவது ஆகியவை அதில் இருக்கட்டும். வீடு கட்டப்பட்ட ஆண்டைப் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை என்பதால், முந்நூறு ஆண்டு அரண்மனை என்ற பெருமை விவரம் தெரிந்தவர் முன் நிற்காது. அதுபோலவே, செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் உள்ளனவே தவிர, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை நீங்களே சரியாகச் சொன்னால், உங்கள் மற்ற தகவல்களையும் அவர் நம்பிப் பயன்படுத்துவார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை பங்காளிகளிடம் இருக்கிறது. உங்கள் பகுதியில் ஒரே வீட்டில் பல குடும்பங்களுக்குப் பங்கு உண்டு. பூட்டிய அறைக்குள் யாருடைய பாத்திரங்கள், யாருடைய முன்னோர் படங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், கேமராவோடு வருபவருக்குத் தெரியாது. சாமி வீட்டைப் படமெடுக்கலாமா, முதல் முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டு வரை விடலாமா, எதை விடக்கூடாது என்பதை எல்லோரிடமும் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிவையுங்கள். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு பங்காளி, தம் அப்பச்சியின் படத்தை எதிர்பாராமல் இதழில் பார்த்து மனம் வருந்தினால், அந்த உறவைக் கட்டுரையால் ஈடுசெய்ய முடியாது. சம்மதங்கள் கைக்கு வந்ததும் முதல் விருந்தாளிக்கு எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களில் வரச்சொன்னால் வெயில் தொல்லை இல்லாமல் அவரும் தெருத்தெருவாக நடந்து பார்ப்பார்.