நீலோற்பலம் பாரிசுக்குப் போன கதை

கேள்வி: என் மகள் பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். குளத்து அல்லிக்கு அந்த மொழியில் வழங்கும் 'நேனுஃபார்' என்ற சொல்லைத் தேர்வில் 'எஃப்' போட்டு எழுதினாள். "இது கிரேக்கச் சொல், 'பிஹெச்'தான் வரும்" என்று ஆசிரியை அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எது சரி?

பதில்: அம்மா, உங்கள் மகள் எழுதியதும் சரிதான். அது கிரேக்கச் சொல்லே அல்ல. திருவாரூர்க் கோயிலில் நீலோத்பலாம்பாள் சன்னிதிக்குப் போயிருக்கிறீர்களா? அந்த அம்பாள் பெயரில் இருக்கும் பூதான் இது. 'நீல', 'உத்பல' என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்த நீலோத்பலம் பாரசீகத்துக்குப் போய் 'நீலூஃபர்' ஆனது. நம் ஊரில் நிலோஃபர் என்று பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்களே, அதே பெயர்தான். அரபியில் நடுவிலிருந்த 'ல'கரம் 'ந'கரமாகி 'நீனூஃபர்' என்றும் வழங்கியது. அரபு மருத்துவ நூல்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது, உடல் சூட்டைத் தணிக்கும் மருந்தாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டது அங்கிருந்துதான். வேடிக்கை என்னவென்றால், பிரான்சின் குளங்களிலும் சதுப்புகளிலும் தானாக வளரும் அல்லி வெள்ளை அல்லது மஞ்சள். பெயரில் மட்டும் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

பிறகு 'பிஹெச்' எப்படி வந்தது? அல்லி இனத்துக்குத் தாவரவியலில் 'நிம்ஃபேயா' என்று பெயர். அது அசல் கிரேக்கம். பிரெஞ்சில் 'நேம்ஃபேயா' என்பார்கள். ஓவியர் மோனே தம் அல்லிக்குள ஓவியங்களுக்கு வைத்த பெயரும் அதுதான். இந்த இரண்டு சொற்களும் உறவு என்று எண்ணிவிட்டார்கள். பிரெஞ்சு மொழிக்குக் காவலாக இருக்கும் பிரெஞ்சு அகாதெமியின் அகராதியே முந்தைய பதிப்பில் 'எஃப்' போட்டிருந்தது. 1935இல் முடிந்த எட்டாம் பதிப்பில்தான் 'பிஹெச்' ஏறியது. அகாதெமியே தடுக்கி விழுந்த இடத்தில் உங்கள் ஆசிரியை விழுந்ததைப் பெரிய குற்றமாக நான் சொல்லமாட்டேன்.

1990ஆம் ஆண்டின் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் 'எஃப்' வடிவத்தை மீட்டது. 'பிஹெச்' வடிவத்தையும் தவறென்று ஒதுக்கவில்லை. 2016இல் பாடநூல்களில் புதிய எழுத்து வரப்போகிறது என்றதும் பிரான்சில் பெரிய சண்டையே நடந்தது. 'பிஹெச்' இல்லாமல் அந்தப் பூ வாடிவிடும் என்பதுபோல் பேசினார்கள்.

ஆசிரியையிடம் வாதாடப் போகாமல், 1990 சீர்திருத்தப் பட்டியலின் நகல் ஒன்றை மகள் கையில் கொடுத்து, "இதுவும் ஏற்கத்தக்கதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளும் வரை தேர்வில் 'பிஹெச்' போட்டே எழுதட்டும்.