மாநில எல்லையைத் தாண்டினால் துப்பாக்கி லைசென்ஸ் செல்லுமா? – கேள்வி பதில்

டெக்சாஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. சனிக்கிழமைகளில் லைசென்ஸ் வகுப்பில் உதவிக்கு நிற்பேன். அந்தப் பழக்கத்தில் நம்மவர்கள் கேட்ட கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஆஸ்டினிலிருந்து ஒருவர்: டெக்சாஸில் லைசென்ஸே தேவையில்லை என்று ஆகிவிட்டதே. அப்புறம் எதற்கு அண்ணா வகுப்பும் கட்டணமும்?

2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை டெக்சாஸ் மண்ணோடு சரி. வட கரோலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்களின் லைசென்ஸ்களை அது ஏற்றுக்கொள்கிறது. கையில் அட்டை இருந்தால் நீங்கள் அங்கே சட்டத்துக்கு உட்பட்டவர். அட்டை இல்லாமல் அதே துப்பாக்கியை அதே சட்டைக்குள் வைத்திருந்தால் குற்றவாளி. 'எங்கள் ஊரில் அட்டை வேண்டாம்' என்று அங்கே போய்ச் சொன்னால் எடுபடாது.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் விலக்கு உண்டு. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தாலும் விலக்கு உண்டு. நம் புறநகர்களில் பள்ளிக்கூடத்தின் 1000 அடிக்குள் நுழையாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே லைசென்ஸ் எடுக்கலாம் என்பேன். கட்டணம் 40 டாலர், வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம், 50 தோட்டா சுட்டு 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை.

இர்விங்கிலிருந்து ஒருவர்: எச்-1பியில் இருக்கிறேன். க்ரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. லைசென்ஸ் எடுக்கலாமா? குறைந்தபட்சம் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்காவது போகலாமா?

தம்பி, தொடாதீர்கள். 'வாங்காதீர்கள்' என்பதோடு நிறுத்தவில்லை, தொடவே வேண்டாம் என்கிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு வாங்கி அரை மணி நேரம் சுடுவதும் அதில் அடங்கும். ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு இருக்கிறது. அதை நம்பிப் போக நினைத்தால் முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள். ஐ-140 அப்ரூவல் இந்த விஷயத்தில் வெறும் காகிதம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒருவராவது முகம் மாறுவார். ஊரிலிருந்து அப்பா வந்திருப்பார். மருமகன் சிட்டிசன், துப்பாக்கி அவருடையது, பேப்பர் எல்லாம் சரி. பின்கட்டில் அப்பா அதைக் கையில் பிடித்து ஒரு போட்டோ. அது குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஏறி நாற்பது பேர் கைதட்டியிருப்பார்கள். பி-2 விசாவில் வந்தவர் கையில் துப்பாக்கி இருப்பதற்குத் தேதியோடு சாட்சி அது. மனைவி எச்-4இல் இருந்தால் பெட்டகத்தின் எண்ணும் அவரிடம் இருக்கக் கூடாது.

க்ரீன் கார்டு வந்தபின் வாங்கலாம், லைசென்ஸும் எடுக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தும் நிலை வரலாம். சிட்டிசனுக்கு அபராதத்தோடு போகிற தவறு உங்களுக்கு விமான டிக்கெட்டில் முடியும்.

ஃபிலடெல்ஃபியா பக்கத்திலிருந்து ஒருவர்: எனக்குப் பென்சில்வேனியா லைசென்ஸ் இருக்கிறது. நியூ ஜெர்சி எடிசனில் மளிகை வாங்கப் பாலம் தாண்டுவோம். ஒரு மணி நேரப் பயணம்தானே?

அந்தப் பாலத்தில்தான் எல்லாம் மாறுகிறது. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் லைசென்ஸையும் ஏற்பதில்லை.

2013 அக்டோபரில் உங்கள் ஊர்ப் பெண் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளின் தாய், முன்பு எந்தக் குற்ற வழக்கும் இல்லாதவர், பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்தார். நியூ ஜெர்சியில் போக்குவரத்து போலீஸ் வண்டியை நிறுத்தியது. 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது' என்று அவரே முன்வந்து சொன்னார். மறைக்க எதுவும் இல்லை என்ற நினைப்பில் சொன்னதுதான். கைது செய்துவிட்டார்கள். அங்கே அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை மூன்றரை வருடம். ஊடகங்களில் பெரிய சத்தம் எழுந்தபிறகு சிறைக்கு அனுப்பாத திட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்தார்கள். 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். ஆளுநர் வரை போய்த்தான் தப்ப முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

2022 ஜூன் 23இல் உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் பழைய முறையை ரத்து செய்தது, ப்ரூயன் வழக்கு என்பார்கள். அதற்கு முன் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் 'உனக்குத் தனியாக என்ன ஆபத்து?' என்று நிரூபிக்கச் சொல்வார்கள். சாமானியனுக்கு லைசென்ஸ் கிடைக்கவே கிடைக்காது. இப்போது அப்படிக் கேட்க முடியாது. ஆனால் 'பக்கத்து மாநில லைசென்ஸை ஏற்க வேண்டும்' என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தீர்ப்பு வந்துவிட்டதே என்று தைரியமாகப் பாலம் ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடிசனுக்குப் போகும்போது துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும். முருங்கைக்காய்க்குத் துணை தேவையில்லை.

ஹூஸ்டனிலிருந்து ஒருவர்: ஏற்காத மாநிலத்தின் வழியாகக் கடந்துதான் போக வேண்டும் என்றால்? விமானத்தில்?

1986இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று வழிப்போக்கரைக் காக்கிறது. கிளம்புகிற இடத்திலும் போய்ச் சேருகிற இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். நடுவில் அது காலியாக, கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். எஸ்யுவி போல டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸ் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான். தோட்டா எடுத்துவிட்டு, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுண்டரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 2023இல் மட்டும் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகளை விமான நிலைய சோதனையில் பிடித்தார்கள். பையில் இருந்ததே மறந்துவிட்டது என்பதுதான் வழக்கமான பதில்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மாட்டியவர் உண்டு. 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குக் கிளம்பினார். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் அடுத்த விமானம் தவறியது. பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் கவுண்டரில் முறைப்படி அறிவித்ததும் கைது. ஓட்டல் அறையில் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அந்த 1986 சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டாலஸிலிருந்து ஒருவர்: டிரைவிங் லைசென்ஸ் ஐம்பது மாநிலத்திலும் செல்கிறதே சார், இது ஏன் செல்லாது?

டிரைவிங் லைசென்ஸை ஏற்க வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலமும் தானாக முடிவு செய்தது. துப்பாக்கி விஷயத்தில் அந்த மனம் எல்லா மாநிலத்துக்கும் வரவில்லை. அதிலும் ஒருதலைக் காதல் நிறைய. கலிஃபோர்னியா லைசென்ஸை டெக்சாஸ் ஏற்கிறது, டெக்சாஸ் லைசென்ஸைக் கலிஃபோர்னியா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாடு முழுக்கச் செல்லும்படி ஒரு மசோதா 2017 டிசம்பரில் கீழவையில் 231–198 என்று நிறைவேறி, செனட்டில் அப்படியே படுத்துவிட்டது. அப்புறமும் கொண்டுவந்து பார்க்கிறார்கள்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் சொல்ல வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் கேட்காமலே சொல்ல வேண்டும். டெக்சாஸில் லைசென்ஸ்காரர், அடையாள அட்டை கேட்டால் இரண்டு அட்டையையும் சேர்த்து நீட்ட வேண்டும். வகுப்பில் நான் முதலில் பார்ப்பது பர்ஸை. வலது இடுப்பில் துப்பாக்கி, அதற்குப் பின்னால் பேன்ட் பையில் பர்ஸ் என்றால், அட்டை எடுக்கப் போகும் கை துப்பாக்கியைத் தாண்டித்தான் போகும். போலீஸ்காரர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பர்ஸைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள்.

கோயிலுக்கு எடுத்துப் போகலாமா?

டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல் வழிபாட்டுத் தலங்களுக்கென்று தனித் தடை இல்லை. கோயில் நிர்வாகம் வேண்டாம் என்றால் வேண்டாம். வாசலில் 30.06 என்ற எண் போட்ட பலகை இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்கும். அதை மீறினால் 200 டாலர் வரை அபராதம். வாய்விட்டுச் சொல்லியும் வெளியேறாவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம். வேட்டியில் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) நிற்காது என்பது தனிக் கதை.

லைசென்ஸ் எந்த மாநிலத்தில் செல்லும் என்று காட்டும் செல்போன் ஆப்பில் மேப் பச்சையாகக் காட்டினால் போதுமா?

போதாது. மிச்சிகனும் கொலராடோவும் வெளி மாநில லைசென்ஸை ஏற்பது, அதைக் கொடுத்த மாநிலத்திலேயே நீங்கள் குடியிருந்தால்தான். நியூ ஜெர்சியில் வீடு வைத்துக்கொண்டு யூட்டாவின் வெளியூர்க்காரர் பெர்மிட் வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். மேப்பில் மிச்சிகன் பச்சைதான், ஆனால் அவர்களுக்கு அது சிவப்பு. கிளம்பும் நாளன்று போகிற மாநிலத்தின் அரசுப் பக்கத்தைத் திறந்து, 'குடியிருப்பவர்' என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.