மருத்துவமனை வாசலில் கமராக்கள், அலுவலகத்தில் மௌனம்

2018 மே

அன்புள்ள தம்பிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து வேலை விசாவில் இலண்டனுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 23ஆம் திகதி இளவரசர் வில்லியமின் மூன்றாவது குழந்தை பிறந்த அன்று தொலைக்காட்சி காலை முதல் இரவு வரை அதையே காட்டிக்கொண்டிருக்க, மறுநாள் அலுவலகத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றும், நீங்களாகப் போய் வாழ்த்துச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் "ஓ, ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார் என்றும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இவர்கள் அரச குடும்பத்தை வெறுக்கிறார்களா, அல்லது வெளியிலிருந்து வந்த நீங்கள் அதைப் பேசியது அவர்களுக்குப் பிடிக்கவில்லையா என்பது உங்கள் கேள்வி. வீட்டு வாடகை, வங்கிக் கணக்கு, குளிருடுப்பு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை உங்கள் அலுவலகத்தாரே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். முதற்கேள்விக்கு மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை யாரிடமும் கேட்க வழியில்லாமல் நான் மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நான் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இங்கே வந்தேன். அகதி விண்ணப்பம் செய்தவர்களை இலண்டனில் வைத்திராமல் வெளியூர்களுக்குப் பிரித்தனுப்பும் முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது. என்னை வடக்கே ஒரு நகரத்துக்கு அனுப்பினார்கள். தனி ஆளுக்கு வாரத்துக்கு 36 பவுண் 54 பென்ஸ். அதில் 10 பவுணை மட்டுமே காசாக மாற்றலாம், மிச்சமெல்லாம் கடை வவுச்சர். வவுச்சரின் பெறுமதிக்குக் குறைவாகச் சாமான் வாங்கினால் மீதிக் காசு தரமாட்டார்கள். ஆறு பேர் இருந்த அந்த வீட்டில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. ஆகஸ்ட் 4ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் தாயாருக்கு நூறு வயது நிறைந்தது. அரண்மனைப் பலகணி, குதிரை வண்டி, கொடி அசைக்கும் கூட்டம் என்று நாள் முழுவதும் அதுவே ஓடியது. இலங்கை 1972 வரை இந்த மகாராணியைத் தன் அரசியாக ஏற்றிருந்த நாடு. 1954இல் அவர் அங்கே வந்ததை என் தகப்பனார் ஒரு குடும்ப நிகழ்வைச் சொல்வதுபோலச் சொல்லுவார். ஆகவே இந்த நாட்டுச் சனங்களோடு முதன்முதலாகப் பேசுவதற்கு இதைவிட நல்ல விடயம் கிடையாது என்று எண்ணி, ஆங்கில வாக்கியத்தை இரண்டு மூன்று தடவை மனதில் சொல்லிப் பார்த்துவிட்டு, பஸ் தரிப்பிடத்தில் நாள்தோறும் காணும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாழ்த்துத் தெரிவித்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்திவிட்டது என்றார்.

என் நிறத்துக்காக அவர் என்னை ஒதுக்கினார் என்றே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்று விளங்குவதற்கு ஒரு குளிர்காலம் போக வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது, இந்தச் சனங்களில் பெரும்பாலானவர்கள் முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்பவர்களும் அல்லர், அரச குடும்பத்தைக் கொண்டாடுபவர்களும் அல்லர் என்பது. முடி என்பது அவர்களுக்குத் தெருமுனையில் நிற்கும் சிவப்புத் தபாற்பெட்டியைப் போன்றது. அதை யாராவது பிடுங்கப் போனால் கோபப்படுவார்கள். அது நிற்கும்வரை அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு பெண் நலமாகப் பிள்ளை பெற்றாள் என்றால் நல்லது என்று நினைப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் பக்கத்து மேசைக்காரர் சொன்ன "ஓ, ஆமாம்" அந்த நல்லெண்ணத்தின் முழு அளவு. அதில் வெறுப்பும் இல்லை, உங்களைப் பற்றிய எண்ணமும் இல்லை.

தொலைக்காட்சி காட்டிய கூட்டத்தைப் பார்த்துத்தான் நீங்கள் ஏமாந்தீர்கள். பாடிங்டனில் உள்ள சென் மேரிஸ் மருத்துவமனையின் லிண்டோ பிரிவு வாசலில் கொடியும் பொம்மையுமாகப் பல இரவுகள் படுத்துக் கிடப்பவர்கள் சில பேர். மூத்த இரு பிள்ளைகள் பிறந்த 2013இலும் 2015இலும் வந்த அதே முகங்கள்தான் இந்த முறையும் வந்தன. கமராவை நெருக்கிப் பிடித்தால் அவர்கள் பெருந்திரளாகத் தெரிவார்கள். சிவப்பு அங்கியும் இறகுத் தொப்பியும் அணிந்து மணியடித்து, குழந்தை பிறந்த செய்தியைக் கூவினாரே ஒரு முதியவர், அவரை அரண்மனை அனுப்பவில்லை. மூன்று பிறப்புக்கும் அவர் தாமாகவே வந்தார். ஆனால் வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் அவரை அரச தூதராகவே நினைத்துக் காட்டியிருக்கின்றன. அதே மருத்துவமனையில்தான் 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். வாசலில் நாட்கணக்காக நேரத்தை நிரப்ப வழியில்லாமல் நின்ற செய்தியாளர்களில் ஒருவராவது அதை விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

2013ஆம் ஆண்டு நடந்தது இதைவிடப் பெரிது. மூத்த பிள்ளை ஜோர்ஜ் பிறக்கப்போகிறார் என்று ஜூலைத் தொடக்கத்திலிருந்தே அந்த வாசலுக்கு எதிரே ஏணிகளை வைத்து, நிலத்தில் நாடா ஒட்டி இடம் பிடித்திருந்தார்கள். ஜூலை 22ஆம் திகதி மாலை 4.24க்குக் குழந்தை பிறந்தது. அரண்மனை அதை அறிவித்தபோது இரவு எட்டரை மணி. இடைப்பட்ட நான்கு மணி நேரமும், குழந்தை ஏற்கெனவே பிறந்துவிட்டது தெரியாமல், உலகம் முழுவதிலுமிருந்து வந்தவர்கள் மூடிய கதவின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற பி.பி.சி. செய்தியாளர் ஒருவரே, இன்னும் நிறையச் சொல்லப்போகிறோம், ஆனால் அதில் எதுவும் செய்தியல்ல என்று நேரலையில் சொன்னார். கார்டியன் பத்திரிகை தன் இணையத்தளத்தில் ஒரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் அரச குழந்தைச் செய்திகள் மறைந்துவிடும். இவ்வளவு அதிகமாகக் காட்டியதற்காகப் பி.பி.சி.க்கு நூற்றுக்கணக்கானவர்கள் புகார் அனுப்பினார்கள். அலுவலக மௌனத்தை உங்களுக்கு மட்டும் காட்டப்பட்ட முகம் என்று எண்ணாதீர்கள் என்பதற்காகவே இவற்றையெல்லாம் எழுதுகிறேன்.

அப்போது நான் கிழக்கு இலண்டனில், இல்பேர்டில், ஒரு சிறு கடை வைத்திருந்தேன். அன்று வெயில் 33 பாகையைத் தாண்டியது. தண்ணீர்ப் போத்தலும் ஐஸ்கிரீமும் வாங்க விடியற்காலை முதல் சனம் வந்துகொண்டேயிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. குழந்தையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் நம்மவர்கள். ஆணா பெண்ணா, என்ன பெயர் வைப்பார்கள், பெட்டிங் கடையில் எந்தப் பெயருக்கு எவ்வளவு என்று கடைக்குள் நின்று வாதாடினார்கள்.

அதே ஜூலை 22ஆம் திகதிதான், தம்பி, உள்துறை அமைச்சு ஆறு மாநகரப் பிரிவுகளின் தெருக்களுக்கு விளம்பர வான்களை அனுப்பியது. சட்டவிரோதமாக இந்நாட்டில் இருக்கிறீர்களா, ஊருக்குத் திரும்புங்கள் அல்லது கைதாவீர்கள் என்று அவற்றில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உங்கள் பகுதியில் கடந்த வாரம் 106 பேர் கைதானார்கள் என்று கைவிலங்குப் படத்தோடு போட்டிருந்தது. ரெட்பிரிட்ஜ், பார்க்கிங், பிரெண்ட், ஈலிங், ஹவுன்ஸ்லோ, பார்னெட் ஆகியவையே அந்த ஆறும். தமிழர் செறிந்து வாழும் இடங்கள் பல இவற்றில்தான் இருக்கின்றன. அந்தக் கைது எண்ணிக்கை மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று விளம்பர ஒழுங்கு அமைப்பு பிறகு தீர்ப்பளித்தது, ஆனால் அதற்குள் வான்கள் ஓடி முடிந்துவிட்டன. அந்தக் கிழமை என் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அக்கா ஒருவர் நடுங்கியபடி கீழே வந்து, அது தன்னைத் தேடித்தானா வருகிறது என்று கேட்டார். அவரிடம் நிரந்தர வதிவிட உரிமை இருந்தது. இருந்தும் அன்றிரவு அவர் தன் பத்திரங்களையெல்லாம் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். என் கடைத் தொலைக்காட்சியில் அப்போது டிரபல்கர் சதுக்கத்து நீரூற்றை நீல வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அந்தப் பச்சைக் குழந்தையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம், எங்கள் தெருவில் ஓடிய வானை விட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்கள் மேல்தான்.

ஜோர்ஜைச் சுமந்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, 2012 டிசம்பரில், நம்மைப் போல் இந்நாட்டுக்குப் பிழைக்க வந்த ஒரு தாதி இறந்துபோனார். மங்களூர்ப் பக்கத்துப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். வில்லியமின் மனைவி அனுமதிக்கப்பட்டிருந்த மருத்துவமனைக்கு அவுஸ்திரேலிய வானொலிக்காரர் இருவர் மகாராணியும் இளவரசர் சார்ள்ஸும் பேசுவதுபோல நடித்து எடுத்த அழைப்பை, உண்மை என்று நம்பி உள்ளே மாற்றிக் கொடுத்தவர் அவர். மூன்று நாளில் அவர் உயிரோடு இல்லை. ஒரு பிறப்பைப் பற்றிய இந்தப் பெருஞ்சத்தம் எங்கே போய் விழுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்தான் என் நினைவுக்கு வருகிறார்.

இனி இந்த ஆண்டைப் பாருங்கள். ஏப்ரல் 23ஆம் திகதி காலை 11.01க்குப் பிறந்த லூயி, ஏழு மணி நேரத்தில் தாயின் கையில் வாசற்படிக்கு வந்துவிட்டார். அவர் ஆணாகப் பிறந்தும், 2013இல் நிறைவேறிய முடியுரிமைச் சட்டத்தின்படி அக்கா சார்லட் வரிசையில் அவருக்கு முன்னாலேயே நிற்கிறார். அன்றைய ஒளிபரப்பில் செய்தி என்று சொல்லத்தக்கது என் கணிப்பில் இந்த ஒன்றுதான். ஆனால் அதே வாரத்தில், 1948இல் வின்ட்ரஷ் கப்பலில் தொடங்கி கரீபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் இங்கே உழைத்தவர்கள், அதற்குப் பத்திரம் காட்ட முடியாமல் வேலையையும் வைத்தியத்தையும் இழந்த கதை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. குழந்தை பிறந்து ஆறாம் நாள் உள்துறை அமைச்சர் பதவி விலகினார். உங்கள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் இதைப் பற்றிப் பேசியிருப்பார்கள், அல்லது ரயில் பிந்துவதைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நீங்கள் குழந்தையைப் பற்றிய பேச்சை எதிர்பார்த்துக் காத்திருந்ததால் அது காதில் விழாமல் போயிருக்கும். வேலை விசாவில் வந்தவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். அது தவறு. இந்த 2018இல் உங்கள் விசா வகைக்கு ஆண்டுக்கு 20,700 பேர் என்ற வரம்பு இருக்கிறது; 2017 டிசம்பரிலிருந்து மாதந்தோறும் அது நிரம்பி வழிந்து, மருத்துவமனைகள் தேர்ந்தெடுத்த இந்திய வைத்தியர்களுக்கே விசா மறுக்கப்பட்டு வருகிறது. விசாவோடு நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணத்தை இரட்டிப்பாக்கப் போவதாகப் பெப்ரவரியில் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் வாழ்க்கையைத் தொடும் செய்திகள் இவை.

நம்மவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. இங்கே வந்து முப்பது ஆண்டு ஆனவர்கள் சிலர், வரவேற்பறையில் அரச குடும்பப் படத்தை மாட்டி வைத்து, விசுவாசம் காட்டினால்தான் இந்த மண்ணில் மதிப்பு என்று புதியவர்களுக்குப் போதிக்கிறார்கள். இந்த மே மாதம் 19ஆம் திகதி இளவரசர் ஹரியின் திருமணம் வருகிறது. வேலைத்தலத்தில் அதற்கு இனிப்புக் கொண்டுபோகச் சொல்லி உங்களுக்கும் யாராவது புத்தி சொல்லக்கூடும். விரும்பினால் கொண்டுபோங்கள், வெள்ளைக்காரர் சாப்பிட்டு நன்றி சொல்வார்கள். ஆனால் அதைக் கொண்டு உங்களை யாரும் எடைபோடமாட்டார்கள். அதேபோல, அவர்கள் அக்கறை காட்டவில்லை என்பதற்காக நீங்கள் மகாராணியைக் கிண்டல் செய்யவும் போகாதீர்கள். அக்கறையின்மை அவர்களுடைய வீட்டுச் சொத்து. நாம் வந்து சேர்ந்த சில வாரங்களில் அதில் பங்கு கேட்க முடியாது.

அந்தக் கிழவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அந்த ஆண்டு நவம்பரில் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுக் கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்தபடி பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். எதுவும் கேட்காமல் கையை நீட்டி அதை வாங்கி வாசித்தார். பிறகு தெருவுக்கு எதிரேயிருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குசினி மேசையில் முடிசூட்டு விழாப் படம் போட்ட 1953ஆம் ஆண்டுத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. இளம் மகாராணியின் முகம் பாதி தேய்ந்துபோயிருந்தது. அதற்குள் நூலும் ஊசியும் முத்திரையும் வைத்திருந்தார். கோடையில் நான் சொன்ன வாழ்த்துக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று அன்றைக்குக் கேட்டுவிட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அந்த அம்மாவை அவர் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேன்முறையீடு செய்ய வேண்டிய கடைசித் திகதி எது என்று கடிதத்தில் தேடி, அதன் கீழே பென்சிலால் கோடிட்டார். தெரிந்த ஒரு சட்டத்தரணிக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தார். நான் எழும்பியபோது, மேசையில் விட்டுவந்த வெற்று உறையை எடுத்து என்னிடம் தந்து, தபால் முத்திரையில் திகதி இருக்கிறது, இதையும் எறியாதே என்றார்.

வின்ட்ரஷ் காரரிடம் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு சான்றுகள்வரை கேட்டார்கள் என்று இப்போது வாசிக்கிறேன். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரிக் கடிதம் எல்லாவற்றையும் இந்த மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், தம்பி. உறைகளையும் வையுங்கள்.