மூன்று பிரான்சைஸ் கிளைகளுக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரியாணி பிராண்டின் பிரான்சைஸை (அந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமையை) நானும் என் மைத்துனரும் எடுக்க நினைக்கிறோம். கரூர், திண்டுக்கல், திருச்சி என மூன்று ஊர். ஒரு கிளைக்குக் கட்டணம் 8 லட்சம். மூன்றையும் ஒரே அக்ரிமெண்டில் எடுத்தால் 20 லட்சத்துக்குத் தருகிறார்கள், ஆனால் முழுப் பணமும் கையெழுத்துப் போடும் அன்றே வேண்டுமாம். கட்டலாமா?

பதில்: அவர்கள் சொல்கிறபடி கட்டாதீர்கள். மூன்று கிளை என்ற யோசனையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்னும் கடைக்கு இடம்கூடப் பார்க்காத ஊர்களுக்கு இன்றே முழுக் கட்டணம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். உணவகங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில், இந்த மாதிரி அக்ரிமெண்டுகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது தள்ளுபடிதான்.

அந்தத் தள்ளுபடியையே பார்ப்போம். 4 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பிரான்சைஸ் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 20 லட்சத்துக்கு 3,60,000 ரூபாய். மற்ற வியாபாரம் என்றால், இப்படிக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி என்று, வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உங்களைப் போன்ற சாதாரண உணவகம் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வசூலிக்கும் வகையில் வருகிறது, அதில் உள்ளீட்டு வரியைக் கழிக்க வழியில்லை. ஆக அந்த 3,60,000 போனது போனதுதான், உங்கள் முதலீடு 23,60,000. இப்போது கரூர் கடை மட்டும் திறந்து, பணம் இறுகி, மற்ற இரண்டும் திறக்கவே இல்லை என்று வையுங்கள். ஒரு கடைக்கு 23,60,000 கட்டியிருப்பீர்கள். தனியாக எடுத்திருந்தால் வரியோடு 9,44,000. வித்தியாசம் 14,16,000. மூன்றும் திறந்தால்தான் அது தள்ளுபடி.

கம்பெனி ஏன் முன்பே கேட்கிறது என்பதற்கும் நியாயம் இருக்கிறது. திண்டுக்கல்லையும் திருச்சியையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்தால், அங்கே வேறு ஆள் வந்து கேட்டாலும் அவர்கள் கொடுக்க முடியாது. அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை கேட்பது சரிதான். ஆனால் முழுக் கட்டணம் அதற்கான விலை ஆகாது. 8 லட்சத்துக்குள் பயிற்சி, செய்முறை, திறப்பு நாளில் வந்து நிற்கும் ஆட்கள் எல்லாம் அடக்கம் என்பார்கள். இரண்டாவது கடைக்கு நீங்கள் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர், உங்கள் மாஸ்டரே புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தச் செலவு குறையும்போது கட்டணமும் குறைய வேண்டும். இதைப் பேச்சில் தைரியமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஒரே ஆள் பல கிளைகள் எடுப்பது சாதாரணம். அங்கே பரவலாக உள்ள ஏற்பாடு இது: முதல் கிளைக்கு முழுக் கட்டணம், மற்ற ஒவ்வொன்றுக்கும் இப்போது பாதி, பிறகு அந்தக் கிளைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது மீதி. முன்பு கொடுத்த பாதி கட்டணத்தில் கழிந்துவிடும். கடை திறக்காவிட்டால் பாதிப் பணம் பெரும்பாலும் திரும்ப வராது, ஆனால் நஷ்டம் பாதியோடு நிற்கும். அங்கே இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பாக, 23 தலைப்புகள் கொண்ட ஒரு விவர ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். கடை திறக்கும் முன் கம்பெனிக்கும் அதன் துணை நிறுவனங்களுக்கும் போகும் ஒவ்வொரு கட்டணமும் அதில் இருக்கும், திரும்பக் கிடைக்குமா என்பதும் இருக்கும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் போடும் கையெழுத்தும்தான். அதனால் அந்தப் பட்டியலை நீங்களே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்டீரியர் அவர்கள் சொல்லும் ஆள்தான் செய்ய வேண்டுமா, அடுப்பும் பாத்திரமும் அவர்களிடம்தான் வாங்க வேண்டுமா, பில்லிங் மென்பொருள், முதல் லோடு மசாலா, டெபாசிட் எல்லாம் அதில் வரவேண்டும். கட்டணத்தைக் குறைத்துவிட்டு இதில் எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ என்ற கோழி உணவகத் தொடர் வெறும் 10,000 டாலர்தான் முன்கட்டணம் வாங்குகிறது, ஆனால் விற்பனையில் 15 சதவீதமும், பிறகு மிஞ்சும் லாபத்தில் பாதியும் கம்பெனிக்குப் போகும். முன்கட்டணத்தை மட்டும் வைத்து மலிவு என்று முடிவு செய்யவே முடியாது.

டெபாசிட் என்று ஒரு தொகை இருந்தால், திரும்ப வரும் டெபாசிட்டா, கட்டணமா என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உண்மையில் திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டுக்கு வாங்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. கட்டணத்தில் கழித்துக்கொண்டால் அப்போது வரி வரும்.

அப்புறம் கெடு. ‘இரண்டாவது கிளை 12 மாதத்துக்குள் திறக்க வேண்டும், தவறினால் பணமும் ஊரும் போகும்’ என்ற வரி அநேகமாக உங்கள் அக்ரிமெண்டிலும் இருக்கும். நான் அதிகம் கவலைப்படுவது இந்த வரியைப் பற்றித்தான். நீங்கள் காட்டும் இடத்தை அவர்கள்தான் ஓகே செய்ய வேண்டும். நான்கு இடம் காட்டி நான்கையும் வேண்டாம் என்றால் காலம் உங்கள் கணக்கில் ஓடும். இடத்துக்கு எழுத்தில் ஒப்புதல் தந்த தேதியிலிருந்து கெடு தொடங்கட்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும், உள்ளாட்சி அனுமதியும் அப்படித்தான். அவை தாமதமானால் அந்த நாட்களைக் கெடுவில் கணக்கிடக் கூடாது என்றும் சேருங்கள்.

ஊர் உங்களுக்கு மட்டும் என்றால் எந்த எல்லை வரை? ஸ்விக்கி, சொமாட்டோவில் அதே பெயரில் கிளவுட் கிச்சன் (டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் கடை) திறக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா? இது இல்லாமல் ஊரை ஒதுக்கியதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பணம் கட்டும் முன் டிரேட்மார்க் பதிவேட்டைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். உணவகச் சேவை 43ஆம் வகுப்பில் வரும். அந்தப் பெயர் யார் பேரில் இருக்கிறது, பதிவாகிவிட்டதா, ஆட்சேபணையில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டியிருந்தால் கட்டணத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டும், பில்லில் தனியாகக் காட்டிய ஜிஎஸ்டிக்குச் சேர்க்காமல். இதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் இடத்தில் இருந்தால் கரூருக்கு 8 லட்சம், மற்ற இரண்டுக்கும் தலா 2 லட்சம், மீதி அந்தந்த இடம் ஒப்புதலான பிறகு என்று கேட்பேன். அவர்களின் தள்ளுபடி விலையையே பிடித்தால் மற்ற இரண்டும் தலா 6 லட்சம், அதில் இந்த 2 லட்சம் கழியும். இதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் கரூரை மட்டும் எடுங்கள். திண்டுக்கல்லுக்கோ திருச்சிக்கோ வேறு ஆள் வந்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும், பதில் சொல்ல 30 நாள் தரவேண்டும் என்று 18 மாதத்துக்கு ஒரு ஷரத்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கரூர் கடையின் ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த பேரத்தில் நீங்கள் பேசும் விதமே வேறாக இருக்கும்.