லாட்டரிப் பணமும் மூணு வட்டியும்

கேள்வி: எனக்கு வயது 61. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறேன். பாறசாலையில் எடுத்த கேரள லாட்டரியில் 1 கோடி விழுந்திருக்கிறது. சீட்டை ஒப்படைத்துவிட்டேன், பணம் இன்னும் வரவில்லை. அமெரிக்காவில் 30 வருஷம் பிரித்துத் தருவார்களாமே, இங்கே அப்படி வாங்க வழி உண்டா? இல்லையென்றால் மொத்தத்தையும் பென்ஷன் பாலிசியில் போட்டுவிடலாமா? கையில் இருந்தால் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மருமகன் டிப்பர் வாங்க 20 லட்சம் வேண்டும் என்கிறார். மைத்துனரின் வீட்டு வேலை பாதியில் நின்றதால், லாட்டரிப் பணம் வந்ததும் அடைக்கலாம் என்று 6 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் மனைவிக்கும் (58) கடைசிவரை சாப்பாட்டுக்குக் கஷ்டம் வரக்கூடாது.

பதில்: அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். கேரள லாட்டரியில் தவணை கிடையாது, ஒரே தடவைதான். அமெரிக்கக் கதையிலும் பெரிய சூட்சுமம் இல்லை. 2022 நவம்பரில் அங்கே பவர்பால் பரிசு 204 கோடி டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். மொத்தமாகக் கேட்டால் 99.76 கோடி டாலர்தான். தவணை என்றால் அந்தச் சின்னத் தொகையைக் கடன்பத்திரங்களில் போட்டு, வட்டியோடு சேர்த்து, வருஷத்துக்கு 5% கூட்டிக்கூட்டி 30 தவணையாகத் தருவார்கள். பாதிக்கு மேல் வட்டிப் பணம்! அந்த வேலையை நம் தபால் ஆபீஸ் செய்யும்.

உங்கள் 1 கோடியும் 1 கோடி இல்லை. ஏஜென்ட் கமிஷன் 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அது போக 90. அதில் 30% வரி, 27 லட்சம் பிடித்துக்கொண்டு 63 லட்சம் உங்கள் கணக்குக்கு வரும். கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியதால் அந்த வரியின் மேல் 10% சர்சார்ஜ், அதற்கும் மேல் 4% செஸ். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3 லட்சத்து 89 ஆயிரம். இதை யாரும் பிடித்துத் தரமாட்டார்கள், நீங்களேதான் கட்ட வேண்டும். இது தெரியாமல் செலவழித்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு முழித்தவர்கள் உண்டு. ஆக, உங்கள் பணம் 59 லட்சம்.

இனி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்களுக்குப் பென்ஷன் பாலிசி வேண்டியது வருமானத்துக்காக இல்லை. "பணம் கையில் இல்லை மக்களே, எல்லாம் பாலிசியில் கிடக்கு" என்று சொல்ல ஒரு சாக்கு வேண்டும். தப்பில்லை. 2022 ஓணம் பம்பரில் 25 கோடி அடித்த திருவனந்தபுரம் ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருகிறவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை, பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாளிலேயே சொன்னார். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தச் சாக்கு நிற்காது. கைக்கு வராத பணத்தைக் காட்டியே 6 லட்சம் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்குப் பாலிசியிலிருந்து மாதாமாதம் 27,000 வருகிறது என்றால் அதைக் காட்டியும் வாங்குவீர்கள். அமெரிக்காவிலும் தவணை வாங்குகிறவர்கள் சிலர் வரப்போகும் தவணைகளைக் குறைந்த விலைக்கு விற்றுக் காசாக்குகிறார்கள். அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன.

6 லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 18,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால் இன்றைய 8.2% வட்டியில் மாதக் கணக்குக்கு 20,500 வரும். பாருங்கள், 30 லட்சம் உழைத்துச் சம்பாதிப்பதில் பெரும்பகுதியை மைத்துனர் வீட்டுக்கு வாங்கிய 6 லட்சம் தின்றுவிடுகிறது. நம் பக்கம் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். கந்துவட்டித் தடைச் சட்டமும் அதே 2003. ஒன்றை நீங்கள் பஸ் ஏறித் தாண்டினீர்கள், மற்றதை வட்டிக்காரர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தாண்டிவிட்டார்.

அதனால் பணம் வந்த அன்றைக்கே 6 லட்சம் கடனை அடைத்துவிடுங்கள். வரிப் பாக்கியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆடிட்டர் ஒருவரை வைத்துக் காலத்தோடு கட்டிவிடுங்கள். மிச்சம் 53 லட்சம். அதில் 30 லட்சம் மேலே சொன்ன மூத்த குடிமக்கள் திட்டத்தில். 15 லட்சம் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில், மனைவியோடு கூட்டுக் கணக்காக. 7.4% வீதம் மாதம் 9,250. இரண்டும் சேர்ந்து 29,750. முதல் திட்டத்தின் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதற்குத் தக்கபடி செலவை வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் பாலிசியில் 50 லட்சத்தை முடக்கினாலும், போட்ட பணத்தை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகையில் ஏறக்குறைய 27,000தான் தேறும். போட்ட பணத்தை உங்கள் ஆயுசுக்குள் சுலபமாக எடுக்கவும் முடியாது.

இரண்டிலுமே ஒரு குறை உண்டு: விலைவாசி ஏறும்போது இந்தத் தொகை ஏறாது. விலை வருஷம் 6% ஏறினால் 12 வருஷத்தில் இன்றைய 29,750-க்குப் பாதிச் சரக்குதான் வாங்கலாம். அதனால் மழைக்கு வெட்டு நிற்கும் மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் கூலியில் குடும்பத்தை ஓட்டி, வட்டியில் மாதம் 9,000-ஐயாவது ஆர்டியில் போடுங்கள். இதற்குள் யாராவது பேங்கிலிருந்து வந்து, ஆறு வருஷம் 10 லட்சம் வீதம் கட்டினால் பிறகு ஆயுசு முழுக்க உத்தரவாத வருமானம் என்று வழுவழுப்பான காகிதத்தைக் காட்டுவார்கள். 61 வயதில் எதற்கு ஆறு வருஷம் காத்திருப்பது? சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள். மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதம் ஒரு சதவீதம் எடு என்று யூடியூபில் சொல்கிறவர்களுக்கு அந்தச் சாயாவும் வேண்டாம்.

மீதி 8 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பேங்க் டெபாசிட்டில். மகளுக்கு ஏதாவது செய்யாமல் மனசு கேட்காது என்றால் அதில் 2 லட்சம் அவள் பெயரில், திரும்பக் கேட்காத பணமாகக் கொடுங்கள். டிப்பருக்கு மருமகன் லோன் போடட்டும், ஜாமீன் கையெழுத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் போகாதீர்கள். மைத்துனரிடம் 6 லட்சத்துக்கு எழுதி வாங்குங்கள். முகம் கோணும்தான், கோணட்டும்.

வட்டிக்காரரிடம் கடனை அடைக்கும்போது பேங்க் வழியாகவே கொடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டும் செக்கும் கைக்கு வராமல் அங்கிருந்து எழும்பாதீர்கள்.