டாலரில் கடவுள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

‘இன் காட் வீ டிரஸ்ட்’ (கடவுளை நம்புகிறோம்) என்ற வாசகம் அமெரிக்கப் பணத்தில் ஆதியிலிருந்தே இருக்கிறதா?

இல்லை. உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1864-ல் வந்த இரண்டு சென்ட் நாணயத்தில்தான் முதலில் பொறித்தார்கள். தேசியக் குறிக்கோளுரை என்று சட்டமானது 1956-ல், பனிப்போர் உச்சத்தில். காகித டாலரில் ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்பது அரசியல் சட்டத்தில் எந்தப் பிரிவு?

எந்தப் பிரிவிலும் அந்தச் சொல் கிடையாது. 1802-ல் அதிபர் ஜெஃபர்சன், கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது அது. அவர்கள் நாத்திகர்கள் அல்ல. வேறொரு சபை அரசு ஆதரவோடு கோலோச்சிய மாநிலத்தில் சிறுபான்மையாக இருந்த பக்தர்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் சொல்வது இதுதான்: மதத்தை நிறுவும் சட்டம் கூடாது, வழிபாட்டைத் தடுக்கும் சட்டமும் கூடாது.

அப்புறம் ஏன் நீதிமன்றங்கள் அந்த வாசகத்தை நீக்கவில்லை?

1970-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இது தேசபக்தியும் சடங்கும் சார்ந்தது, மத வழிபாட்டுக்கு அரசு தரும் ஆதரவு அல்ல என்று வழக்கைத் தள்ளியது. பிறகு வந்த வழக்குகளும் தோற்றன. சொல்லிச் சொல்லியே மத அர்த்தம் தேய்ந்துவிட்டது என்பது 1984-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் சொன்ன கருத்து. எனக்கு இது ஏற்புடையதல்ல. கடவுள் பெயரை வெற்றுச் சடங்கு என்று சொல்லித்தான் காப்பாற்ற முடியும் என்றால், பக்தருக்கும் அவமானம், நம்பாதவருக்கும் அநீதி. ஆழ்ந்த கிறிஸ்தவரான அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1907-ல் தங்க நாணயத்தில் அந்த வரியைச் சேர்க்கவில்லை. பணத்தில் பொறிப்பது தெய்வ நிந்தனையை நெருங்கும் செயல் என்றார். நாடாளுமன்றம் மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது.

கார் நம்பர் பிளேட்டில் இருக்கும் மாநிலக் குறிக்கோளுரையை மறைத்தால் குற்றமா?

நியூ ஹாம்ப்ஷயர் பிளேட்டில் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி’ என்ற வரி உண்டு. தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேனார்ட் அதை டேப் ஒட்டி மறைத்தார். அபராதம் கட்ட மறுத்து 15 நாள் சிறையிலும் இருந்தார். 1977-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: அரசின் கருத்துக்கு நடமாடும் விளம்பரப் பலகையாக இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பணம் அப்படி இல்லை, கைமாறிக்கொண்டே இருப்பது, அதைப் பொதுவில் காட்டவும் தேவையில்லை என்று அதே தீர்ப்பு விலக்கு சொல்லிவிட்டது. எனவே பிளேட்டில் எண்ணை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் மறைப்பவர் இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம்.

பள்ளியில் கொடி உறுதிமொழியைச் சொல்ல என் மகள் மறுக்கலாமா?

தாராளமாக. அரசுப் பள்ளிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ‘கடவுளின் கீழ்’ என்ற சொற்கள் அதில் சேர்ந்ததே 1954-ல்தான்.