நெத்திலியும் பிரமிடும்

வணக்கம் ஐயா,

பிரமிடு வடிவத்துக்குத் தனிச் சக்தி உண்டா என்று பார்க்க, அட்டைப் பிரமிடுக்குள் காசிமேட்டு நெத்திலி வைத்தோம். மூன்றே நாளில் கருவாடாகிவிட்டது, நாற்றமே இல்லை. திறந்த தட்டில் வைத்தது புழுத்துப்போனது. தலைக்கு மேல் செப்புப் பிரமிடைத் தொங்கவிட்டு ஒரு மாதமாகத் தியானம் செய்யும் அப்பாவுக்கு பிபி குறைந்திருக்கிறது. சவர பிளேடு மழுங்காமலிருக்க பிரமிடுக்குக் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்களாமே! இன்னும் என்ன சான்று வேண்டும்?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

காப்புரிமை நிஜம். செக் நாட்டு ரேடியோ பொறியாளர் காரெல் டர்பல் 1949இல் விண்ணப்பித்து 1959இல் வாங்கினார். காப்புரிமை என்பது கருவி சொன்னபடி வேலை செய்கிறது என்ற அத்தாட்சி அல்ல.

நெத்திலிக்கு வருவோம். தட்டில் ஈ மொய்த்து முட்டையிடும், மறுநாளே புழு. பிரமிடுக்குள் ஈ நுழையவில்லை, அவ்வளவுதான். கவிழ்த்த கூடைகூட அதைச் செய்யும். பிரமிடுக்குப் போட்டியாக வைக்க வேண்டியது அதே அட்டையில் செய்த பெட்டி.

அடி 30 செ.மீ., சாய்விளிம்பு 28.55 செ.மீ. வரும்படி நான்கு முக்கோணம் வெட்டி ஒட்டினால் உயரம் 19.1 செ.மீ. நிற்கும். கீஸா பெரிய பிரமிடின் விகிதம் அது. 17.9 செ.மீ. கனசதுரப் பெட்டிக்குள்ளும் அதே அளவு காற்றுதான். இரண்டையும் பாட்டில் மூடிகள் மேல் தூக்கி வைத்து, இடைவெளியைக் கொசுவலையால் சுற்றுங்கள். மீனை 6.4 செ.மீ. உயரத்தில் கம்பிவலை மேல் பரப்புங்கள். மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான் சக்தி என்பார்கள், பிறகு அந்தச் சாக்கு வரக்கூடாது.

ஒரே கூறு மீன், ஒரே நீளம், எது எதற்குள் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கம் பகலில் கடல்காற்று ஈரத்தோடு வரும். ஜன்னலோரம் இருப்பது ஒரு மாதிரி காயும், உள்பக்கம் இருப்பது வேறு மாதிரி. அதனால் தினமும் இடம் மாற்றுங்கள். நெத்திலியில் முக்கால் பங்கு நீர்தான், 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் எடை பார்த்தாலே காய்ந்த அளவு தெரியும். மோந்து பார்ப்பவருக்கு எது எதிலிருந்து வந்தது என்று தெரியக்கூடாது. எண் போட்ட பொட்டலமாகக் கொடுங்கள். நாறவில்லை என்று குழம்பு வைத்துவிடாதீர்கள், நோய்க்கிருமி இருந்தாலும் வாசனை வராமல் போகலாம்.

பத்துச் சுற்று என்று முதலிலேயே எழுதி வையுங்கள். பிரமிடு ஜெயிக்கும்போது நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பத்தில் 7 ஜெயித்தால் ஒன்றுமில்லை, காசு சுண்டினாலே வரும். 9 அல்லது 10 என்றால் பேசலாம். தற்செயலாக அது நடக்க 1024இல் 11 வாய்ப்புதான்.

அப்பா விஷயம் கொஞ்சம் சிக்கல். இருபது நிமிடம் அமைதியாக உட்கார்ந்தாலே பிபி இறங்கலாம். தியானத்துக்கு முன், பின் என்று பார்த்தால் பிரமிடைப் பற்றி எதுவுமே தெரியாது. தலைக்கு மேல் வேட்டியைக் கூரைபோலக் கட்டுங்கள். அவர் வருமுன் காசு சுண்டி, பிரமிடை வேட்டிக்கு மேலே தொங்கவிடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். அதைச் செய்தவர் அப்பா கண்ணில் படக்கூடாது, முகமே காட்டிக் கொடுத்துவிடும். அளப்பவர் வேறொருவர். அளக்க அரைமணிக்கு முன்பே டீ, காபி வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். இப்படி இருபது நாள். மாத்திரையை நிறுத்தக்கூடாது, நடுவில் டாக்டர் அளவை மாற்றினால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.